குதிகாலுக்கு ஒரு சட்டை

நாகலாபுரம் கரிசல்காட்டுப் பருத்திக்கும் தூத்துக்குடிக் கடலுக்கும் என்ன சம்பந்தம்? இருக்கிறது! துறைமுகத் தூண்களிலும் கப்பலின் அடியிலும் ஒட்டிக்கொண்டு வாழும் சிறு பிராணி அசிடியன். தொட்டால் தண்ணீரைப் பீய்ச்சும். அதன் உடம்பை மூடியிருக்கும் கெட்டிச் சட்டையில் இருப்பது செல்லுலோஸ். பருத்தி நூலில் இருக்கும் அதே பொருள்தான்! 1845-ல் கார்ல் ஷ்மிட் என்ற வேதியியல் அறிஞர் இதைக் கண்டறிந்தார்.

நமக்குச் சட்டை, தோல். அதன் மேலடுக்கைக் கெட்டிப்படுத்துவது கெரட்டின் என்ற புரதம். கண் இமையில் மிக மெல்லியது. உள்ளங்காலிலோ சுமார் 1.5 மில்லிமீட்டர் தடிமன். ஆனால் அங்கே எண்ணெய்ச் சுரப்பிகள் கிடையாது. அதனால்தான் வெறுங்காலோடு நடந்தால், கோடைக் கரிசல் மண் மாதிரியே குதிகாலும் வெடிக்கிறது.

'வெறும் பித்தவெடிப்புதானே' என்று விட்டுவிடாதீர்கள். கிருமிகளுக்கு அது திறந்த கதவு. சர்க்கரை நோயால் கால் மரத்துப்போனவர்களுக்கு வலியே தெரியாது. புண் முற்றிய பிறகுதான் தெரியும்.

ராத்திரி கால் கழுவி, ஈரம் துடைத்து, தேங்காய் எண்ணெய் தடவுங்க. விரல் இடுக்கில் மட்டும் வேண்டாம். பிளேடால் சீவாதீங்க. வீட்டில் சர்க்கரை நோயாளி இருந்தால், தினமும் அவர் பாதத்தைப் பாருங்க. ரத்தமோ சீழோ தெரிந்தால், அன்றைக்கே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்!