ஏர்லி இன்டர்வென்ஷன் உரைபெயர்ப்பு: எந்தப் பயிற்சியில் சேரலாம்?

அமெரிக்காவில் மூன்று வயது நிறையாத குழந்தைக்குப் பேச்சோ நடையோ பின்தங்கினால், ஏர்லி இன்டர்வென்ஷன் சேவை பெரும்பாலும் வீடு தேடியே வரும். 1986-இல் வந்த சட்டத் திருத்தம் இதற்கு வழி செய்தது. பரிந்துரை வந்த 45 நாட்களுக்குள் குழந்தையை மதிப்பிட்டு, குடும்பச் சேவைத் திட்டத்துக்கான முதல் கூட்டத்தையும் நடத்த வேண்டும். அந்த அவசரத்தில், உரைபெயர்க்கத் தமிழ் தெரிந்த யாராவது கிடைத்தால் போதும் என்ற நிலை எளிதில் வந்துவிடும். நியூ ஜெர்ஸியிலோ டெக்ஸாஸிலோ இந்த வேலைக்கு வர நினைப்பவர்கள், இரண்டு மொழி தெரிந்தாலே போதும் என்று தயவுசெய்து நம்ப வேண்டாம்.

விதிகள் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. முதலில் உங்கள் மாநிலத்தில் இந்தச் சேவையை நடத்தும் துறையையும் உங்களை அனுப்பப்போகும் ஏஜென்சியையும் விசாரியுங்கள். பணம் கட்டுவது அப்புறம்.

பலரும் முதலில் சேருவது மருத்துவ உரைபெயர்ப்புப் பயிற்சியில். அமெரிக்காவில் தேசிய அளவில் சான்று தரும் இரண்டு அமைப்புகளும் குறைந்தது 40 மணி நேரப் பயிற்சி கேட்கின்றன. ஆஸ்பத்திரி வேலைக்கும் இது உதவும் என்பது பெரிய லாபம். தமிழ் அழைப்புகளை மட்டும் நம்பிப் பிழைக்க வேண்டியவர்கள் இதையே எடுக்கலாம். ஆனால் ஒன்றைக் கவனியுங்கள்: அந்த இரண்டு அமைப்புகளிலும் தமிழில் வாய்மொழித் தேர்வு கிடையாது. அவற்றில் ஒன்று நடத்துவதும் தமிழர்கள் எழுதக்கூடியதுமான கோர்சிஹெச்ஐ தேர்வு முழுக்க ஆங்கிலத்தில் நடக்கிறது. அந்தச் சான்று உங்கள் தமிழுக்கு அத்தாட்சி ஆகாது. அதற்கு, மொழித்திறனைச் சோதிக்கும் ஆக்ட்ஃபல் போன்ற அமைப்பின் வாய்மொழித் தேர்வைத் தனியாக முடித்துவிடுவது நல்லது.

பள்ளி, சமூக நலத்துறை போன்ற இடங்களுக்கான சமூக உரைபெயர்ப்புப் பயிற்சியும் வழக்கமாக 40 மணி நேரம்தான். இருதயமும் சிறுநீரகமும் இதில் அதிகம் வராது. ரகசியம் காப்பது, எப்போது குறுக்கிடலாம், பாட்டியும் அப்பாவும் ஒரே நேரத்தில் பேசினால் என்ன செய்வது என்பவை வரும். வீட்டுக் கூடத்தில் தரையில் உட்கார்ந்து செய்யும் இந்த வேலைக்கு இதுவே நெருக்கமானது என்பது என் கருத்து.

இரண்டிலும் விடுபடுவது குழந்தையை மதிப்பிடும் நேரம். அங்கே பெற்றோர் சொல்லும் செய்தி மட்டுமல்ல, குழந்தை பேசும் விதமே சான்று. இரண்டரை வயதுக் குழந்தை "அம்மா வந்தான்" என்கிறது என்று வைத்துக்கொள்வோம். உரைபெயர்ப்பாளர் பொருளை மட்டும் ஆங்கிலத்தில் சொன்னால், வினை விகுதியில் நேர்ந்த பிழை காணாமல் போய்விடும். ஆங்கில வினையில் ஆண்பால் பெண்பால் இல்லை. அந்த வயதுக்கு அது இயல்பான பிழையாகவும் இருக்கலாம். அதை முடிவு செய்ய வேண்டியவர் ஸ்பீச் தெரபிஸ்ட். அவர் காதுக்கு அது போய்ச் சேர்ந்தாக வேண்டும். "ரயில்" என்பதைக் குழந்தை "லயில்" என்றால், அப்படியே சொல்ல வேண்டும். கேள்வியைப் பரிவோடு இன்னொரு முறை கேட்பதும், "பந்து எங்கே?" என்று கேட்கும்போது அது இருக்கும் பக்கம் கண்ணை ஓட்டுவதும் விடையை மாற்றிவிடும். விளைவு, உதவி தேவைப்படும் குழந்தைக்கு அது கிடைக்காமல் போகும். அல்லது இரு மொழிகளுக்கு நடுவே நன்றாக வளரும் குழந்தைக்குக் குறை இருப்பதாக எழுதப்படும்.

ஆகவே எந்த 40 மணி நேரத்தை எடுத்தாலும், குழந்தை வளர்ச்சி, மதிப்பீட்டு முறை இரண்டையும் சொல்லித்தரும் பயிற்சி ஒன்றைக் கட்டாயம் சேர்த்துக்கொள்ளுங்கள். உங்கள் மாநிலத்தின் ஏர்லி இன்டர்வென்ஷன் பிரிவே அப்படி ஒன்று நடத்தினால், மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் அதில் சேருங்கள். பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள்: தெரபிஸ்டோடு முன்கூட்டிப் பேசுவது, மதிப்பீட்டில் உட்காருவது, முடிந்தபின் கலந்து பேசுவது என மூன்று கட்டத்தையும் செய்துபார்க்க வைப்பீர்களா? கலைச்சொல் பட்டியல் மட்டும்தான் தருவார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

இலங்கைத் தமிழ்க் குடும்பத்துக்கு மதுரைக்காரரை அனுப்புவதும் நடக்கும். அந்த வட்டாரப் பேச்சு உங்களுக்குப் பழக்கமா இல்லையா என்பதை, வேலையை ஒப்புக்கொள்ளும் முன்பே ஏஜென்சியிடம் சொல்லிவிடுங்கள்.