2147483647: கால்குலேட்டரில் ஒரு பெரிய எண்

விண்டோஸில் உள்ள கால்குலேட்டரைப் பலரும் கூட்டல், கழித்தலுக்கு மட்டுமே பயன்படுத்துகிறோம். நான் அதில் அடிக்கடி போட்டுப் பார்க்கும் எண் 2147483647. அதாவது 214 கோடியே 74 லட்சத்து 83 ஆயிரத்து 647. கம்ப்யூட்டர் எண்களை எப்படி வைத்துக்கொள்கிறது என்பதை இந்த ஓர் எண்ணே சொல்லிவிடும்.

முப்பத்தொரு இரண்டுகளைப் பெருக்கி, விடையில் 1 கழித்தால் இது கிடைக்கும். கம்ப்யூட்டர் எல்லாவற்றையும் 0, 1 என்ற பிட்களாகவே வைக்கிறது. ஒரு முழு எண்ணுக்கு 32 பிட் ஒதுக்கினால், பிளஸ்ஸா மைனஸா என்று காட்ட ஒரு பிட் போய்விடும். மீதி 31 இடங்களிலும் 1 நிரம்பினால் அதுதான் 2147483647. அதற்கு மேல் இடமில்லை.

இடமில்லாத இடத்தில் இன்னும் 1 கூட்டினால்? செய்து பாருங்கள்.

1. கால்குலேட்டரின் இடது மேல் மூலையில் உள்ள மெனுவைத் திறந்து புரோகிராமர் என்பதைத் தேர்ந்தெடுங்கள்.
2. க்யூவேர்டு என்ற பட்டனை ஒருமுறை கிளிக் செய்யுங்கள். அது டிவேர்டு என மாறும். இது 32 பிட் கணக்கு.
3. 2147483647 டைப் செய்து, 1 கூட்டி, எண்டர் தட்டுங்கள்.

விடை -2147483648! முதன்முறை பார்த்தபோது கால்குலேட்டர் கெட்டுவிட்டதோ என்று நினைத்தேன். ஸ்கூட்டர் மீட்டர் 99999-க்குப் பிறகு 00000 காட்டுவது போலத்தான் இதுவும்.

கணிதத்திலும் இது பெயர் பெற்ற எண். இது ஒரு பகா எண். 1-ஆலும் தன்னாலும் மட்டுமே மீதியின்றி வகுபடும். இதைச் சோதிக்க 46,340 வரையுள்ள பகா எண்களால் வகுத்துப் பார்த்தால் போதும். இதன் வர்க்கமூலம் 46,341-ஐத் தொடவில்லை. ஆய்லர் என்ற கணித மேதை இன்னும் சுருக்கினார். இதற்கு வகுஎண் இருந்தால், அதை 248-ஆல் வகுக்கும்போது மீதி 1 அல்லது 63 வர வேண்டும் என்று கண்டு, 1772-ல் இது பகா எண் என நிறுவினார்.

ஆனால் கம்ப்யூட்டரின் எல்லை எண்கள் எல்லாம் பகா எண்கள் அல்ல. 64 பிட் எல்லையான 9223372036854775807-ஐ 7-ஆல் வகுத்துப் பாருங்கள், மீதியே வராது.

இதெல்லாம் நமக்கு எதற்கு? பல பழைய புரோகிராம்கள் 1970 ஜனவரி 1-லிருந்து கழிந்த விநாடிகளை எண்ணி, 32 பிட்டில் நேரம் வைக்கின்றன. அந்த எண்ணிக்கை, இந்திய நேரப்படி 2038 ஜனவரி 19 காலை 8 மணி 44 நிமிடம் 7 விநாடிக்கு 2147483647-ஐத் தொடும். அடுத்த விநாடி, தேதி 1901 டிசம்பருக்குப் போய்விடலாம். 64 பிட்டில் நேரம் வைக்கும் புரோகிராம்களுக்கு இந்தச் சிக்கல் இல்லை.

2038 தொலைவில் இருப்பதாக நினைக்க வேண்டாம். இன்று வாங்கும் 20 வருட வீட்டுக் கடன் அதைத் தாண்டிவிடும். பழைய புரோகிராமில் கடன் கணக்கு வைத்திருந்தால், முதலில் பேக்கப் எடுங்கள். பிறகு அந்தப் புரோகிராமில் 20.01.2038 என்ற தேதியைக் கொடுத்துப் பாருங்கள். ஏற்க மறுத்தாலோ வேறு வருடம் காட்டினாலோ, கணக்கைப் புதிய புரோகிராமுக்கு மாற்றிவிடுங்கள்.