அகல டயர் உரசுமா? வாங்கும் முன் கணக்குப் போடுங்கள்

மாணவர்களே, உங்கள் அண்ணன் தம்முடைய ஸ்போர்ட்ஸ் காருக்கு அகலமான டயர் மாட்ட ஆசைப்படுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அகல டயர் தரையைத் தொடும் பகுதி அகலமாகவும் நீளம் குறைந்தும் இருக்கும். அதனால் காய்ந்த சாலையின் வளைவுகளில் பிடிப்பு கூடும். ஆனால் மாட்டிய பிறகு வளைவில் ‘கர்ர்’ என்று சத்தம் கேட்டால்? டயர் எதன்மீதோ உரசுகிறது. அது உரசுமா உரசாதா என்பதைப் பணம் கொடுப்பதற்கு முன்பே கணக்கிட்டுப் பார்க்கலாம்.

2012-இல் அறிமுகமான டொயோட்டா 86 காரை எடுத்துக்கொள்வோம். அதன் டயரில் ‘215/45 ஆர் 17’ என்று இருக்கும். 215 என்பது மில்லிமீட்டரில் அகலம். 45 என்பது பக்கச் சுவரின் உயரம், அகலத்தில் 45 விழுக்காடு. 17 என்பது அங்குலத்தில் ரிம்மின் விட்டம்.

பக்கச் சுவர் = 215 × 0.45 = 96.75 மி.மீ.
முழு விட்டம் = (17 × 25.4) + (2 × 96.75) = 625.3 மி.மீ.

அகலத்தை மட்டும் மாற்றி 235/45 ஆர் 17 மாட்டினால் விட்டம் 643.3 மி.மீ. ஆகிவிடும். ஆரம் 9 மி.மீ. கூடுவதால் டயரின் மேற்பகுதி மட்கார்டை நெருங்கும். வேகமானியும் முன்பு காட்டியதைவிட ஏறக்குறைய 3 விழுக்காடு குறைவாகக் காட்டும். அதற்குப் பதில் 235/40 ஆர் 17 என்றால் விட்டம் 619.8 மி.மீ.; வேறுபாடு 1 விழுக்காட்டுக்கும் குறைவு. அகலம் கூடும்போது விழுக்காட்டு எண்ணைக் குறைப்பது இதற்காகத்தான்.

உயரம் சரி, பக்கவாட்டில்? கூடிய 20 மி.மீ. உள்பக்கம் 10, வெளிப்பக்கம் 10 எனப் பிரியும். அதைத் தள்ளி வைப்பது ரிம்மின் ஆஃப்செட். ரிம்மின் நடுக்கோட்டிலிருந்து, அது அச்சில் பொருந்தும் தளம் எத்தனை மி.மீ. வெளியே இருக்கிறது என்பதே அந்த எண். இந்தக் காரின் ரிம் 7 அங்குல அகலம், ஆஃப்செட் 48. 235/40 டயருக்குக் குறைந்தது 8 அங்குல ரிம் வேண்டும். அந்த ரிம்மின் ஆஃப்செட் 40 என்றால் முழுச் சக்கரமும் 8 மி.மீ. வெளியே நகரும். அப்போது உள்பக்கம் கூடுவது 2 மி.மீ. மட்டும், வெளிப்பக்கம் 18 மி.மீ.

இனி அளவுகோலை எடுங்கள். உள்பக்கம் டயருக்கும் அப்சோர்பருக்கும் இடையே உள்ள இடைவெளியை அளக்க வேண்டும். இடைவெளி குறுகலாக இருந்தால் பிளாஸ்டிசினை அதில் வைத்து அழுத்தி, அதன் தடிமனை அளக்கலாம். அளக்கும்போது கார் சமதளத்தில் அசையாமல் நிற்க வேண்டும். பெரியவர் ஒருவர் உடனிருக்க வேண்டும். வெளிப்பக்கம் மட்கார்டின் விளிம்பைப் பாருங்கள். பிறகு ஸ்டீரிங்கை இருபுறமும் முழுதாகத் திருப்பி, பிளாஸ்டிக் உறையோடு மோதுகிறதா என்று பாருங்கள்.

நிற்கும் கார் உரசாவிட்டால் போதாது. நான்கு பேர் ஏறி, சாலையில் ஒரு பள்ளம் வந்தால் ஸ்பிரிங் அமுங்கும், இடைவெளி சுருங்கும். ஸ்பிரிங்கை வெட்டித் தாழ்த்திய கார்கள் அதிகம் உரசுவது இதனால்தான். விளிம்பு மட்டும் இலேசாக உரசினால், பட்டறையில் உருளையால் அதை உள்நோக்கி மடித்துவிடலாம். அதைவிட அதிகமாக உரசினால் டயர் அளவையோ ஆஃப்செட்டையோ மாற்றுவதே முறை.

சத்தம்தானே என்று விட்டுவிடக் கூடாது. காரின் எடையைத் தாங்கும் காற்றழுத்தத்தை அடக்கி வைப்பது பக்கச் சுவருக்குள் இருக்கும் நூலிழைகள். அவை அறுந்தால், சுங்காய் டோலைத் தாண்டி நெடுஞ்சாலையில் 110 கி.மீ. வேகத்தில் போகும்போது டயர் வெடிக்கலாம். மட்கார்டுக்கு வெளியே டயர் நீட்டிக்கொண்டிருந்தால் ஜேபிஜே சம்மனும் வரும். இன்னொன்று: அகல டயர் தேங்கிய மழைநீரில் எளிதில் மிதந்து வழுக்கும். நம் பேராக் மழையில் இதையும் நினைவில் வைக்க வேண்டும்.

பயிற்சி: 195/50 ஆர் 16 டயரின் முழு விட்டம் என்ன? (விடை: 601.4 மி.மீ.) அடுத்து, உங்கள் வீட்டுக் காரின் டயரில் உள்ள எண்களைக் குறித்துவந்து அதற்கும் கணக்கிடுங்கள்.