டேஷ்போர்டைக் கழட்ட ஏன் இவ்வளவு காசு?

போன கோடையில் எங்க வீட்டு காரில் ஏசி குளிரவில்லை. ஒர்க்‌ஷாப்பில் தந்த எஸ்டிமேட்டில் கூலிங் காயிலின் விலையைவிட லேபர் சார்ஜ் அதிகம். "மெக்கானிக்கல் தானே படிக்கிற, இது நியாயமா சொல்லு" என்றார் அப்பா. திருதிருன்னு முழிச்சேன். உங்க வீட்டுலயும் ஒருநாள் கேட்பாங்க, அதுக்காகத்தான் இந்தக் கட்டுரை.

கூலிங் காயில் என்பது நம்ம புத்தகத்தில் வரும் எவாப்பரேட்டர்தான். மெல்லிய அலுமினியம். ஈரமும் தூசியும் சேர்ந்து அரித்தால் ஊசிமுனை அளவு ஓட்டை விழும், கேஸ் போய்விடும். சில மாடல்களில் குளோவ் பாக்ஸைக் கழட்டினாலே கைக்கு எட்டும். பல கார்களில் அது டேஷ்போர்டுக்குப் பின்னால் ஒரு பிளாஸ்டிக் பெட்டிக்குள் இருக்கும்.

இப்போ ஃபேக்டரியை நினைச்சுப் பாருங்க. பல தொழிற்சாலைகளில் டேஷ்போர்டு, ஏசி பெட்டி, வயரிங், இதையெல்லாம் தாங்கும் இரும்புக் குழாய் எல்லாவற்றையும் வெளியிலேயே ஒன்றாகப் பூட்டி, கதவு வழியாக ஒரே துண்டாக உள்ளே நுழைத்துவிடுவார்கள். சில நிமிட வேலை. மெக்கானிக்குக்கு அந்த வசதி கிடையாது. அவர் பேட்டரி நெகட்டிவைக் கழட்டி, ஏர்பேக் சர்க்யூட்டில் மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய மேனுவல் சொல்லும் நேரம் காத்திருக்கணும். (இதை மட்டும் யூடியூப் பார்த்து வீட்டில் முயற்சி பண்ணாதீங்க. ஏர்பேக் வெடித்தால் முகம் போயிடும்.) பிறகு ஸ்டீயரிங், மீட்டர், ஸ்டீரியோ, கன்சோல், எத்தனையோ ஸ்க்ரூ, கப்ளர், கிளிப். அப்புறம் அதையெல்லாம் திரும்ப மாட்டணும்.

அந்த நேரத்துக்குத்தான் காசு. கம்பெனி சர்வீஸ்களில் ஒவ்வொரு வேலைக்கும் இத்தனை மணி நேரம் என்று முன்பே ஒரு அட்டவணை இருக்கும். 8 மணி நேரம், மணிக்கு 600 ரூபாய் என்று வச்சுக்கோங்க: 4,800. 18% ஜிஎஸ்டி சேர்த்தால் 5,664. மெக்கானிக் 6 மணியில் முடித்தாலும் பில் அதேதான். துருப்பிடித்த போல்ட்டோடு 10 மணி நேரம் மல்லுக்கட்டினாலும் அதேதான்.

ஆக, லேபர் அநியாயம்னு சொல்ல முடியாது. தேவையில்லாமல் கழட்டுவதும், இரண்டு தடவை கழட்டுவதும்தான் அநியாயம். எங்களுக்கு முதலில் லீக் எங்கே என்றே பார்க்காமல் இரண்டு தடவை கேஸ் மட்டும் நிரப்பினார்கள். அந்தக் காசு காற்றோடு போச்சு. லீக் டிடெக்டரிலோ, அல்ட்ரா வயலட் டையிலோ காயில்தான் லீக் என்று உறுதியான பிறகே டேஷ்போர்டில் கை வைக்கச் சொல்லுங்க.

இன்னொன்று, எக்ஸ்பான்ஷன் வால்வு, ஹீட்டர் கோர் மாதிரி அதே இடத்தில் இருக்கும் பாகம் ஏதாவது தேய்ந்திருந்தால் அப்போதே மாற்றிவிடணும். கழட்டும் கூலி ஏற்கெனவே கொடுத்தாச்சு. பில்லில் அந்த மணி நேரத்தை இரண்டாவது பாகத்துக்கும் சேர்த்துப் போட்டிருக்காங்களான்னு பாருங்க. போட்டிருந்தால் தாராளமா கேள்வி கேட்கலாம்.

நாங்க வால்வையும் சேர்த்தே மாற்றினோம். கிளிப்புகளைத்தான் மறந்துட்டோம். வெயிலில் காய்ந்த பழைய பிளாஸ்டிக், கழட்டும்போதே உடைஞ்சிருக்கு. ஏசி இப்போ ஜில்லுன்னு இருக்கு, ஆனா ஸ்பீடு பிரேக்கர் ஏறும்போதெல்லாம் டேஷ்போர்டு கிரீச்சுங்குது. அப்பா என்னைத்தான் திரும்பிப் பார்க்கிறார்.