கசப்புப் பட்டை காட்டிய வழி

ஆப்பிள் மரத்தின் வேர்ப்பட்டையிலிருந்து 1835ஆம் ஆண்டில் ஐரோப்பிய வேதியியலாளர்கள் ஃபுளோரிசின் என்னும் பொருளைப் பிரித்தெடுத்தனர். சின்கோனாப் பட்டையைப் போலக் கசந்ததால், இது காய்ச்சலைத் தணிக்கும் என அவர்கள் கருதினர்.

1886இல் ஜெர்மானிய மருத்துவர் வான் மேரிங், இதனை உட்கொண்ட நாய்களின் சிறுநீரில் சர்க்கரை வெளியேறுவதைக் கண்டார். சிறுநீரில் சர்க்கரை கலப்பது நீரிழிவின் அறிகுறி அன்றோ? நோயின் அறிகுறியைத் தோற்றுவிக்கும் பொருளே பின்னாளில் அந்நோய்க்கான மருந்துக்கு வழிகாட்டியது.

சிறுநீரகங்கள் நாள்தோறும் ஏறத்தாழ 180 கிராம் குளுக்கோசை வடிகட்டுகின்றன. நலமுள்ள உடலில், கடத்திப் புரதங்கள் அதனை ஏறக்குறைய முழுமையாக இரத்தத்திற்கே மீட்டளிக்கின்றன. ஃபுளோரிசின் இம்மீட்பைத் தடுக்கிறது. அதனால் சர்க்கரை சிறுநீர்வழி வெளியேற, இரத்தத்தில் அதன் அளவு குறைகிறது. நீரிழிவுற்ற எலிகளில் இவ்விளைவை 1987இல் வெளியான ஆய்வு ஒன்று காட்டியது.

எனினும், பட்டையை அப்படியே மருந்தாக்க இயலவில்லை. வாய்வழி உட்கொண்டால் ஃபுளோரிசின் குடலிலேயே சிதைந்துவிடும், வயிற்றுப்போக்கையும் உண்டாக்கும். எனவே, அதன் அமைப்பை முன்மாதிரியாகக் கொண்டு, குடலில் எளிதில் சிதையாமல் சிறுநீரகத்தில் செயற்படும் மூலக்கூறுகளை வேதியியலாளர்கள் உருவாக்கினர். அவற்றுள் ஒன்றான டாபாகிளிஃப்ளோசின், இரண்டாம் வகை நீரிழிவுக்கான மருந்தாக 2012இல் ஐரோப்பாவில் ஒப்புதல் பெற்றது.

மரம் தந்தது குறிப்பு. அதனை மருந்தாக்கியது நெடுங்கால ஆய்வு. இயற்கையில் கிடைப்பது என்பதாலேயே ஒரு பொருள் மருந்தாகிவிடாது. அளவும் தீங்கும் ஆராயப்படாத மூலிகையை நம்பி, மருத்துவர் அளித்த மருந்தைக் கைவிடுதல் உயிருக்கே ஊறு விளைவிக்கும்.