கடைசி பெஞ்ச் ஏன் காலியாகிறது?



ஆண்டு மலருக்குக் கட்டுரை வேண்டும் என்று யூனியன் செயலாளர் கேட்டபோது, வழக்கம்போல ‘இளைஞனே விழித்தெழு’ என்று இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்துவிடலாம் என்றுதான் நினைத்தேன். பேனாவை எடுத்தால், கண்முன் வந்து நின்றது எங்கள் வகுப்பின் கடைசி பெஞ்ச். முதலாம் ஆண்டில் அதில் நாலு பேர் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்தோம். இப்போது மூன்று பேர்தான்.

போனவனைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். ஒர்க்ஷாப்பில் அவன் லேத் முன்னால் நின்றால் இன்ஸ்ட்ரக்டரே ஒரு நிமிடம் நின்று பார்த்துவிட்டுத்தான் நகர்வார். திரெட் கட்டிங் என்றால் எங்களுக்கெல்லாம் கை நடுங்கும், அவனுக்கு அது விளையாட்டு. ஆனால் கணக்கில் இரண்டு அரியர். ஊரிலிருந்து காலை ஆறு பத்து பஸ்ஸை விட்டால் அடுத்தது எட்டரைக்கு. முதல் பீரியடு போச்சு. அப்பாவுக்கு உடம்பு முடியாமல் போன மாதத்தில் பரீட்சை ஃபீஸ் கட்டும் கடைசித் தேதி தாண்டிவிட்டது. ஃபைனோடு கட்டலாம் என்பது அவனுக்குத் தெரியாது. எங்களிடமும் சொல்லவில்லை. அட்டெண்டன்ஸ் குறைந்தது, அப்புறம் வரவேயில்லை. ‘அவனுக்குப் படிப்பு ஏறல’ என்று எல்லோரும் சொன்னார்கள், நானும் சொன்னேன். அது எவ்வளவு தப்பான பேச்சு என்பது இந்தக் கட்டுரைக்காகச் சில விஷயங்களைப் படித்த பிறகுதான் உறைத்தது.

நான் படித்தது அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜுகளைப் பற்றி. நம்ம பாலிடெக்னிக்குக்கு அந்த நாட்டில் ஒரு சொந்தக்காரர் உண்டென்றால் அது இதுதான். இரண்டு வருடப் படிப்பு, அஸோசியேட் டிகிரி என்று பெயர். நர்சிங், ஆட்டோமொபைல், எலக்ட்ரிகல், கணக்குப் பதிவு எல்லாம் உண்டு. நாம் டிப்ளமா முடித்து பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேர்வது போல, அவர்களும் இதை முடித்துப் பல்கலைக்கழகத்தில் மூன்றாம் ஆண்டுக்குப் போகலாம். இல்லினாய் மாநிலத்தில் ஜோலியட் என்ற ஊரில் 1901-இல் ஆறே ஆறு மாணவர்களோடு ஆரம்பித்தது இந்த வகைக் கல்லூரி. 1947-இல் அதிபர் ட்ரூமன் அமைத்த உயர்கல்விக் குழு, இப்படிப்பட்ட கல்லூரிகள் ஊருக்கு ஊர் வேண்டும் என்று சொன்னது. கம்யூனிட்டி காலேஜ் என்ற பெயர் பரவலானதும் அதற்குப் பிறகுதான். கட் ஆஃப் மார்க் என்ற பேச்சே பெரும்பாலும் கிடையாது. பள்ளிப் படிப்பு முடித்தவர் யார் வந்தாலும் சேர்த்துக்கொள்வார்கள். பகலில் ஓட்டலில் வேலை பார்த்துவிட்டு மாலையில் வருபவர், கைக்குழந்தையோடு வரும் தாய், வேறு நாட்டிலிருந்து வந்து இங்கிலீஷே இப்போதுதான் கற்கிறவர் என்று எல்லாரும் ஒரே வகுப்பில்.

கதவு திறந்திருக்கிறது, சரி. உள்ளே போனவர்கள் டிகிரியோடு வெளியே வருகிறார்களா என்று பார்த்தால் அங்கேதான் சங்கடம். இரண்டு வருடப் படிப்பை மூன்று வருடத்திலும் முடிக்காதவர்களே பெரும்பாலோர். அவர்களைப் பற்றியும் அந்த ஊரில் நம்ம வசனத்தைத்தான் பேசிக்கொண்டிருந்தார்கள்: படிப்பு ஏறல.

மெட்ரோ கார்டு வந்த கதை

நியூயார்க் நகரப் பல்கலைக்கழகம் 2007-இல் தன் கம்யூனிட்டி காலேஜுகளில் ஒரு திட்டம் ஆரம்பித்தது. ‘ஏசாப்’ என்று சுருக்கமாகச் சொல்வார்கள். அஸோசியேட் டிகிரியைச் சீக்கிரம் முடிக்க வைக்கும் திட்டம் என்று அர்த்தம். அதில் புதுமையான பாடமோ பெரிய கம்ப்யூட்டரோ எதுவும் இல்லை. உதவித்தொகை போக மீதிக் கட்டணம் ஏதாவது நின்றால் அதைத் தள்ளுபடி செய்தார்கள். பாடப்புத்தகம் இலவசம். ரயிலிலும் பஸ்ஸிலும் போக மாதா மாதம் மெட்ரோ கார்டு. கார்டை வாங்க வேண்டுமானால் ஆலோசகரைப் போய்ப் பார்த்திருக்க வேண்டும். இந்தச் சின்னக் கொக்கியை யார் யோசித்தார்களோ, அவருக்கு நான் ஒரு கும்பிடு போடுகிறேன். ஆலோசகரைப் பார் என்று ஆயிரம் சர்க்குலர் ஒட்டினாலும் நாம் போகமாட்டோம். பஸ் பாஸ் அங்கேதான் கிடைக்கும் என்றால் ஓடுவோமா மாட்டோமா?

அந்த ஆலோசகர் விஷயத்தைக் கொஞ்சம் நின்று பார்க்க வேண்டும். சாதாரணமாக அந்தக் கல்லூரிகளில் ஓர் ஆலோசகருக்கு 600 முதல் 1500 மாணவர்கள். பெயரைக் கூட நினைவு வைத்துக்கொள்ள முடியாது. ஏசாப் திட்டத்தில், அதை ஆராய்ந்த சமயத்தில், ஓர் ஆலோசகருக்கு 60 முதல் 80 பேர்தான். மாதம் இரண்டு தடவை கட்டாயம் சந்திப்பு. எந்தப் பாடம் எடுத்தாய், எந்தப் பாடத்தை விட்டாய், போன வாரம் ஏன் வரவில்லை, வீட்டில் என்ன பிரச்சனை என்பதுதான் பேச்சு. நம்ம காலேஜிலும் மென்டர் முறை உண்டு. வருடக் கடைசியில் ஒரே நாளில் ஒரே பேனாவில் பத்துச் சந்திப்புகளுக்குக் கையெழுத்து வாங்கிய அனுபவம் எனக்கு மட்டும்தான் என்று நான் நினைக்கவில்லை. ஆசிரியர்களையும் குறை சொல்ல முடியாது. வகுப்பு, லேப், இன்டர்னல் மார்க், அட்மிஷன் வேலை எல்லாம் போக அவர்களுக்கு ஏது நேரம்?

சலுகை மட்டும் கொடுத்துச் சும்மா விட்டுவிடவில்லை. முழுநேரம் படிக்க வேண்டும், செமஸ்டர் விடாமல் சேர வேண்டும். கணக்கிலோ இங்கிலீஷிலோ பின்தங்கியிருந்தால் அந்த அடிப்படைப் பாடத்தைத் தள்ளிப்போடாமல் ஆரம்பத்திலேயே முடிக்க வேண்டும். நாம் அரியர் பேப்பரை ‘கடைசி செமஸ்டர்ல பாத்துக்கலாம்டா’ என்று மூட்டை கட்டி வைப்பதற்கு நேர் எதிரான ஏற்பாடு.

இதனால் பலன் உண்டா என்று சோதித்த விதம் நம்ம டெஸ்டிங் லேப் மாணவர்களுக்குப் பிடிக்கும். பாரோ ஆஃப் மன்ஹாட்டன், கிங்ஸ்பரோ, லகார்டியா என்ற மூன்று கம்யூனிட்டி காலேஜுகளில், விருப்பம் தெரிவித்த 896 மாணவர்களைக் குலுக்கல் முறையில் இரண்டாகப் பிரித்தார்கள். எல்லோருமே குறைந்த வருமானக் குடும்பம், எல்லோருக்கும் அடிப்படைப் பாடத்தில் பாக்கி. ஒரு பாதிக்கு ஏசாப். மறுபாதிக்குக் கல்லூரியின் வழக்கமான வசதிகள் மட்டும். இரண்டு துண்டும் ஒரே ராடிலிருந்து வெட்டியவை. ஒன்றை மட்டும் ஹீட் ட்ரீட்மென்ட் செய்து பார்ப்பது போலத்தான். எம்.டி.ஆர்.சி. என்ற ஆய்வு நிறுவனம் 2015-இல் வெளியிட்ட முடிவின்படி, மூன்று வருடத்தில் டிகிரி முடித்தவர்கள் வழக்கமான பாதியில் 22 சதவீதம், ஏசாப் பாதியில் 40 சதவீதம். படிக்கிறவர்கள் அதே மாதிரி ஆட்கள்தான், மூளையும் அதே மூளைதான்.

செலவு? அதிகம்தான். ஒரு மாணவருக்கு மூன்று வருடத்தில் சுமார் 16,300 டாலர் கூடுதலாக ஆனது. ஆனால் செலவை மாணவர் எண்ணிக்கையால் வகுக்காமல், முடித்து வெளியே வந்தவர் எண்ணிக்கையால் வகுத்துப் பார்த்தார்கள். ஒரு டிகிரிக்கு ஆன செலவு ஏசாப்பில்தான் பத்து சதவீதத்துக்கு மேல் குறைவாக வந்தது. பாதியில் போகிறவருக்குச் செய்த செலவு ஸ்கிராப்பில் போன ஜாப் மாதிரி, மெட்டீரியலும் போச்சு, மெஷின் நேரமும் போச்சு. ‘நியூயார்க் பணக்கார ஊர், அங்கே நடக்கும்’ என்று சொல்வோர் உண்டு. பின்னால் ஒஹையோ மாநிலத்தில் மூன்று கல்லூரிகளில் இதே ஏற்பாட்டைச் செய்தபோதும் 19 சதவீதம் 35 ஆயிற்று.

எனக்குப் பெரிதாகப் பட்டது இதுதான். பணம் மட்டும் கொடுத்தால், அல்லது ஆலோசகரை மட்டும் வைத்தால் இவ்வளவு பலன் வந்திருக்குமா என்பது சந்தேகமே. மாணவன் விழுவது ஒரே பெரிய பள்ளத்தில் அல்ல. பஸ் ஒரு பக்கம், புத்தகம் ஒரு பக்கம், அரியர் ஒரு பக்கம், யாரைக் கேட்பது என்று தெரியாதது ஒரு பக்கம். நாலு காலில் மூன்றைச் சரி செய்தாலும் ஸ்டூல் ஆடத்தான் செய்யும். எங்கள் கடைசி பெஞ்ச் நண்பனை நினைத்துப் பார்த்தேன். அவனுக்கு எல்லாமே ஒரே செமஸ்டரில் வந்து சேர்ந்தன.

சாப்பிட்டாயா என்று கேட்கும் கல்லூரி

டெக்சாஸ் மாநிலத்தில் அமரில்லோ என்ற ஊர்க் கல்லூரி இன்னொரு வழியில் போனது. நீங்கள் படிப்பை முடிக்கத் தடையாக இருப்பது எது என்று மாணவர்களையே கேட்டார்கள். கணக்குப் பாடம் கஷ்டம், வாத்தியார் சொல்வது புரியவில்லை என்றெல்லாம் வரும் என்று எதிர்பார்த்தார்கள். பட்டியலின் மேலே வந்தவையோ வீட்டு வாடகை, சாப்பாடு, வண்டி, பிள்ளையைப் பார்த்துக்கொள்ள ஆள், கரண்ட் பில். அதன் பிறகு கல்லூரிக்குள்ளேயே ஓர் உதவி மையம் வைத்தார்கள். அரிசி பருப்பு மாதிரி அவர்கள் ஊர் மளிகைச் சாமான் எடுத்துக்கொள்ள ஒரு அறை, நேர்முகத் தேர்வுக்குப் போட்டுக்கொள்ள நல்ல உடை, பேசித் தீர்க்கச் சமூகப் பணியாளர்கள், திடீரென்று கார் நின்றுபோனால் ரிப்பேருக்கு அவசர உதவிப் பணம். மன நலத்துக்கு ஆலோசனையும் உண்டு. ஆனால் நாளைக்கு வீட்டைக் காலி செய்ய வேண்டியவனிடம் ‘மனதை அமைதியாக வைத்துக்கொள்’ என்று மட்டும் சொல்லி அனுப்புவதில்லை. முதலில் வாடகைக்கு வழி பார்க்கிறார்கள். அமெரிக்காவின் கம்யூனிட்டி காலேஜுகளுக்கு ஆஸ்பென் என்ற அமைப்பு தரும் பரிசை 2023-இல் இந்தக் கல்லூரி இன்னொரு கல்லூரியோடு பகிர்ந்துகொண்டது.

அந்த ஊர் ஏற்பாடுகள் எல்லாமே சொர்க்கம் என்று நினைத்துவிட வேண்டாம். நுழைவில் ஒரு டெஸ்ட் வைத்து, குறைந்த மார்க் வாங்கியவர்களை டிகிரிக் கணக்கில் சேராத அடிப்படை வகுப்புகளில் பல செமஸ்டர் உட்கார வைத்த காலம் உண்டு. காசும் போய், மனமும் விட்டுப்போய், பலர் அங்கேயே நின்றுவிட்டார்கள். கலிபோர்னியா 2017-இல் சட்டமே போட்டு அதைப் பெருமளவு மாற்ற வேண்டி வந்தது.

நம்ம பக்கத்திலும் இந்தப் பெயர் புதிதல்ல. பாண்டிச்சேரிப் பல்கலைக்கழகம் 1995-இலும், சென்னை மயிலாப்பூர் உயர்மறை மாவட்டம் 1996-இலும் சமுதாயக் கல்லூரி ஆரம்பித்தன. பள்ளியை விட்டு நின்றவர்களுக்கும் தொழில் கற்றுக்கொடுப்பதே அவற்றின் நோக்கம். தொழிற்பயிற்சியோடு, நாலு பேரிடம் பேசுவது, தன்மேல் நம்பிக்கை வைப்பது போன்ற வாழ்க்கைத் திறன்களையும் பாடமாகவே வைத்தார்கள். அரசுப் பள்ளியில் படித்து டிப்ளமாவோ டிகிரியோ சேர்ந்த பெண்களுக்கு மாதம் 1000 ரூபாய் தரும் புதுமைப் பெண் திட்டம் 2022-இல் வந்தது. ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் 2024-இல். நல்ல காரியம்தான். ஆனால் அந்த ஆயிரம் ரூபாயால், ஃபீஸ் கட்டும் தேதி எது என்று மாணவனுக்குச் சொல்ல முடியாது. அதற்கு ஒரு ஆள் வேண்டும்.

அந்த ஆள் ஏன் நாமாக இருக்கக்கூடாது என்று யூனியன் கூட்டத்தில் கேட்டேன். 80 பேருக்கு ஓர் ஆலோசகரைச் சம்பளம் கொடுத்து வைக்க நம்மால் முடியாது. ஆனால் மூன்றாம் ஆண்டு மாணவர் ஒருவர் முதலாம் ஆண்டில் ஐந்து பேரைக் கவனித்துக்கொள்ளலாம். மூன்று நாள் தொடர்ந்து வரவில்லை என்றால் ஒரு போன், அவ்வளவுதான். பழைய புத்தகங்களையும் டிராஃப்டரையும் யூனியன் அறையில் வாங்கி வைத்து அடுத்த செட்டுக்குக் கொடுக்கலாம். ஃபீஸ் தேதிகளை, ஃபைனோடு கட்டும் தேதி உட்பட, கேன்டீன் சுவரில் பெரிய எழுத்தில் ஒட்டலாம். நோட்டீஸ் போர்டை யார் பார்க்கிறார்கள்? அவசர உதவிக்கு ஒரு சின்ன நிதி வேண்டும் என்றும் சொன்னேன். கணக்கை யார் வைத்துக்கொள்வது, கடன் கேட்டவன் திருப்பித் தருவானா என்று அரை மணி நேரம் சண்டை நடந்தது. கடைசியில் ஆண்டு விழா மிச்சப் பணத்தில் ஒரு பகுதியை ஒதுக்கினார்கள். பெரிய தொகை இல்லை, பத்துப் பேருக்குப் பரீட்சை ஃபீஸ் கட்ட வரும்.

அதில் முதல் ரசீது யார் பெயரில் என்று உங்களுக்கே தெரியும். போன மாதம் இரண்டு பேர் சேர்ந்து அவன் ஊருக்கே போனோம். ஒரு லேத் பட்டறையில் வேலை பார்த்துக்கொண்டிருந்தான். கையெல்லாம் கூலன்ட் ஆயில். அரியர் இரண்டையும் வருகிற ஏப்ரலில் எழுதலாம், அட்டெண்டன்ஸ் குறைந்த செமஸ்டரைத் திரும்பப் படிக்க என்ன செய்ய வேண்டும் என்று ஆபீஸில் கேட்டு எழுதி வைத்திருக்கிறோம் என்று சொன்னோம். கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. அப்புறம், “கணக்கு நோட் யார்கிட்டடா இருக்கு?” என்று கேட்டான்.