ஏறாமலே உயரம் சொல்ல

சைட்டில் சேர்ந்த புதிதில் இன்ஜினியர் கேட்பார்: "அந்தத் தண்ணீர்த் தொட்டி எவ்வளவு உயரம் தம்பி?" ஏணி தேடாதீர்கள். 30 மீட்டர் டேப்பும், சாய்கோணம் காட்டும் செல்போன் செயலியும், பத்தாம் வகுப்பு முக்கோணவியலும் போதும்.

தொட்டியின் மேல் விளிம்பு 45 டிகிரி ஏற்றக்கோணத்தில் தெரியும்வரை பின்னால் நகருங்கள். டேன் 45-இன் மதிப்பு 1. ஆகவே தூரம் 20 மீட்டர் என்றால் உயரமும் 20. அதோடு உங்கள் கண் மட்டம் 1.5 மீட்டரைக் கூட்டி 21.5 என்று சொல்லுங்கள். பலர் கோட்டைவிடுவது இரண்டு இடத்தில். ஒன்று, கண் மட்டத்தை மறப்பது. இன்னொன்று, டேப்பைத் தூணில் வைப்பது. பார்த்தது விளிம்பை என்றால், விளிம்புக்கு நேர்கீழே உள்ள இடத்திலிருந்துதான் அளக்க வேண்டும். சாய்ந்த தென்னைக்கும் இதே கதைதான்.

சோம்பல்பட்டு அருகிலேயே நின்று பார்க்காதீர்கள். 45 டிகிரியில் ஒரு டிகிரி பிசகினால் மேற்சொன்ன உயரத்தில் சுமார் 70 சென்டிமீட்டர் தவறும். 70 டிகிரியில் அதே பிசகு ஒரு மீட்டரைத் தாண்டிவிடும்.

அடிப்பகுதிக்குப் போக முடியாதபடி காம்பவுண்டு சுவரோ வாய்க்காலோ குறுக்கிடுகிறதா? சமதளத்தில் 45 டிகிரி கிடைத்த இடத்தைக் குறித்துக்கொண்டு, 30 டிகிரி வரும்வரை அதே நேர்கோட்டில் பின்னே போங்கள். இடைப்பட்ட தூரத்தை 0.732-ஆல் வகுத்தால், கண் மட்டத்துக்கு மேலுள்ள உயரம். 20 மீட்டர் நகர்ந்திருந்தால் 27.3.

மேட்டு நிலத்தில் டேப்பைத் தரையோடு இழுத்தால் தூரம் கூடுதலாகக் காட்டும். 10 டிகிரி சரிவில் 30 மீட்டர் என்பது கிடைமட்டத்தில் 29.54 தான். சரிவுக் கோணத்தின் காஸ் மதிப்பால் பெருக்காமல் நிலத்தின் பரப்பைச் சொல்லிவிடாதீர்கள். அரை அடிக்கே அடிதடி நடக்கிற ஊர் நம்முடையது.

இதே முக்கோணவியலை நம்பி, 1802-இல் நில அளவையாளர் லாம்டன் சென்னைப் பரங்கிமலை அருகே அடிக்கோடு அளந்து தொடங்கிய நில அளவைதான் பிறகு இமயம்வரை நீண்டு, யாரும் ஏறும் முன்பே எவரெஸ்டின் உயரத்தைச் சொன்னது.

இதையே தொழிலாக்க நினைப்பவர்களுக்கு ஐடிஐ-யில் நில அளவையர் பிரிவு இருக்கிறது, இரண்டு ஆண்டுப் படிப்பு. சிவில் டிப்ளமோவும் கைகொடுக்கும். அந்த வேலையில் டோட்டல் ஸ்டேஷன் என்ற அளவைக் கருவி எல்லாக் கணக்கையும் தானே போட்டுவிடும், நீங்கள் கொடுத்த எண் சரியாக இருந்தால். கருவி குறிபார்க்கும் பிரிசத்தைத் தாங்கிய கம்பை 1.5-லிருந்து 2 மீட்டருக்கு உயர்த்திவிட்டுக் கருவியில் மாற்றாவிட்டால், அதன்பின் எடுத்த புள்ளியெல்லாம் அரை மீட்டர் தூக்கலாகவே பதிவாகும். கம்பு உயரம் மாறினால் பிடிப்பவர் உடனே குரல் கொடுக்க வேண்டும். நீங்கள் கருவியில் மாற்றிவிட்டு, ஃபீல்டு புக்கிலும் எழுத வேண்டும்.